புகார்கள்: இல்லை

பெட்டிக்குள் ஒரு சீட்டு கிடந்தது.

ஜட்ஜம்மா பெட்டியை மூடி, பூட்டி, மறுபடியும் திறந்து பார்த்தாள். சீட்டு அப்படியேதான் இருந்தது. பதினோரு மாதமாக ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் அந்தப் பெட்டியைத் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று தேதி போட்டு நோட்டில் எழுதிவிட்டுப் போவது அவள் வழக்கம். ஒரே ஒரு தடவை சிலந்தி இருந்தது. அதையும் எழுதியிருந்தாள்.

அவளுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தது அலுவலகத்து வக்கீல். புகார்ப் பெட்டியின் சாவி அவள் கைக்கு வந்த அன்றே வைத்துவிட்டார். இருபத்தாறு வயது. எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். செய்த பிறகு, ஒழுங்காகத்தான் செய்தோமா என்று இரண்டு நாள் கவலைப்பட வேண்டும். புகார்களைக் கையாள்வது எப்படி என்று இருபத்துமூன்று பக்கத்துக்கு விதிமுறை எழுதி, ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்திருந்தாள். முழுக்கப் படித்தவள் தான் ஒருத்திதான் என்பது அவளுக்கே தெரியும்.

அவள் வேலை பார்த்த அமைப்பின் தொழிலே மற்ற அலுவலகங்களுக்குப் போய், யாரையும் கீழாக நடத்தக் கூடாது என்று சொல்லிக் கொடுப்பதுதான். ஊருக்கெல்லாம் புகார்ப் பெட்டி வைக்கச் சொல்கிறவர்கள் தங்கள் சுவரில் ஒன்று மாட்டாமல் இருக்க முடியுமா? மாட்டினார்கள். அச்சுக்குப் போகவிருந்த ஆண்டறிக்கையில் ‘புகார்கள்: இல்லை’ என்று கொட்டை எழுத்தில் போட்டும் வைத்திருந்தார்கள்.

சீட்டு கம்ப்யூட்டரில் அடித்து எடுக்கப்பட்டிருந்தது.

“நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. வேலை ஆக வேண்டும் என்றால் மட்டும் என்னிடம் வருகிறார்கள். மதியம் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள், என்னைக் கூப்பிடுவதில்லை. நான் எப்படி இருக்கிறேன் என்று இங்கே ஒருவரும் கேட்டதில்லை. விதி ஏழில் சொல்லியிருக்கும் பதினைந்து வேலை நாளும் காத்திருப்பேன். மாறவில்லை என்றால் போய்விடுவேன்.”

ஜட்ஜம்மாவுக்கு முதலில் வந்தது அதிர்ச்சி. அடுத்து, யாரோ விதி ஏழு வரைக்கும் படித்திருக்கிறார்களே என்று ஒரு சின்ன சந்தோஷம். அதற்கும் அடுத்து, அந்தச் சந்தோஷத்தை நினைத்து வெட்கம்.

ஒரு மனித உயிர், தங்கள் கூரைக்குக் கீழேயே, பதினைந்து நாளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அது போய்விட்டால் அப்புறம் எந்த முகத்தோடு அடுத்தவர் அலுவலகத்துக்குப் போய்ப் பாடம் எடுப்பது?

விதி மூன்றின்படி இயக்குநரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். இயக்குநரை எல்லோரும் ‘மேடம்’ என்பார்கள். கூடத்தின் கோடியில் கண்ணாடிக் கதவு போட்ட அறை அவருடையது.

“மேடம், ஒரு புகார் வந்திருக்கு.”

மேடம் பேனாவை மூடி வைத்தார். “அப்படியா.”

சீட்டை நீட்டினாள். மேடம் அதன்மேல் கண்ணை ஓட்டினாரோ இல்லையோ, உடனே திருப்பிக் கொடுத்துவிட்டார். ஜட்ஜம்மாவுக்குத் திக்கென்றது. ஒருவர் மனம் நொந்து எழுதியதை இவ்வளவு அவசரமாகவா படிப்பது?

“இதைப் படிச்சதும் உங்களுக்கு யார் ஞாபகம் வந்துச்சு?” என்று கேட்டார் மேடம்.

“அதைச் சொல்லக் கூடாது மேடம். விதி நாலு. எழுதினது யாருன்னு கண்டுபிடிக்க முயற்சியே பண்ணக் கூடாது.”

“எழுதினது யாருன்னு நான் கேட்கல. யார் ஞாபகம் வந்துச்சுன்னுதான் கேட்டேன்.”

“அதுவும் நாலுக்குள்ளதான் மேடம் வரும்.”

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “சரி. என்ன செய்யணும்னு தோணுதோ செய்ங்க. ஆனா ஏதாவது செய்ங்க.”

வெளியே வந்ததும் ஜட்ஜம்மா நோட்டில் எழுதினாள்: ‘மேடம் பதற்றமாக இருக்கிறார். புகாரைச் சரியாகப் படிக்கவில்லை. ஏன்?’

புகாரை ரகசியமாக வைக்க வேண்டும் என்பது விதி ஐந்து. ஜட்ஜம்மா ரகசியமாகத்தான் வைத்திருந்தாள். ஆனால் அவள் முகம் அந்த விதிக்குக் கட்டுப்படவில்லை. அரை மணி நேரத்தில் வக்கீல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“காட்டு.”

“முடியாது சார்.”

“நான் இந்த அமைப்போட வக்கீல். என்கிட்ட காட்டாம வேற யார்கிட்ட காட்டுவே?”

காட்டினாள். வக்கீல் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு? அக்காதான்.”

அக்கா என்றால் அலுவலகத்தைப் பெருக்கித் துடைத்து, எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுப்பவர். ஜட்ஜம்மாவுக்கும் சீட்டைப் படித்த நிமிடமே அவர் முகம்தான் வந்து நின்றது. அதைச் சொன்னால் விதி நான்கை மீறியதாகிவிடுமே என்றுதான் வாயைத் திறக்கவில்லை.

“ஆனா சார், இது டைப் பண்ணியிருக்கு.”

“அவங்க பொண்ணு கம்ப்யூட்டர் படிக்குது.”

“விதி ஏழுன்னு எழுதியிருக்கே?”

“அக்காதானே தினமும் குப்பைக்கூடையைக் காலி பண்றாங்க. உன் விதிமுறை அதுலதான் நிறைய கிடக்குது.”

இந்தப் பதில் ஜட்ஜம்மாவை வேறு விதத்தில் நோகடித்தது. ஆனால் தர்க்கம் சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் மதியம் காரியத்தில் இறங்கினார்கள். கூடத்தில் நீள மேசை, எட்டு நாற்காலி. அக்கா வழக்கமாக மாடிப்படிக்குக் கீழே, டிரைவரோடும் காவலாளியோடும் சாப்பிடுவார்.

“அக்கா, இனிமே நீங்க எங்ககூடதான் சாப்பிடணும்” என்றாள் ஜட்ஜம்மா.

“ஏன், படிக்குக் கீழ சாமான் ஏதாவது அடுக்கப் போறீங்களா?”

“அதெல்லாம் இல்லக்கா. நாம எல்லாரும் ஒண்ணுதானே.”

“அது சரி” என்ற அக்கா, தன் டப்பாவோடு வந்து கடைசி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஏழு பேரும் அவர் முதல் வாய் எடுத்து வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன பேசுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

“சாப்பாடு எப்படி இருக்கு அக்கா?” என்று வக்கீல் துணிந்து கேட்டார்.

“நான் செஞ்சதுதானே சார்.”

“ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க.”

“நீங்க இன்னும் வாயில வைக்கவே இல்லையே.”

கீழேயிருந்து டிரைவரும் காவலாளியும் எதற்கோ விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் வந்தது. பள்ளிக்கூடம் விட்ட பிறகும் வகுப்பிலேயே நிறுத்திவைத்த பிள்ளையைப் போல அக்கா இரண்டு தடவை படியின் பக்கம் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து மேடத்தின் அறைக்கதவு திறந்தது. அவர் கையிலும் ஒரு டப்பா. ஏற்கெனவே நின்றிருந்த பேச்சு இன்னும் நன்றாக நின்றது. மேடம் எட்டு நாற்காலியையும் பார்த்தார். கடைசியில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது.

“எனக்கு ஒரு போன் வரணும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“பாத்தியா?” வக்கீல் ஜட்ஜம்மாவின் காதில் கிசுகிசுத்தார். “அக்கா நம்மளோட சரிசமமா உட்கார்ந்தது மேடத்துக்குப் பொறுக்கல.”

ஜட்ஜம்மா டப்பாவை மூடிவைத்தாள். எத்தனை மேடையில் சமத்துவம் பேசியவர். போன வருடம் ஒரு தொழிற்சாலையில் இவர் பேசியதைக் கேட்டு முதலாளியே கண்ணைத் துடைத்துக்கொண்டாரே.

அடுத்த திங்கட்கிழமை பெட்டியில் இரண்டாவது சீட்டு இருந்தது.

“முன்பு என்னை மறந்துவிட்டார்கள் என்று நினைத்துச் சமாதானம் அடைந்தேன். இப்போது என் கண் முன்னால் வைத்தே செய்கிறார்கள். இன்னும் ஒன்பது நாள்.”

“நாமதான் தப்புப் பண்ணிட்டோம் சார்” என்றாள் ஜட்ஜம்மா. “அவங்களைக் கொண்டுவந்து காட்சிப்பொருள் மாதிரி உட்கார வச்சுட்டோம்.”

“அப்ப சாப்பாட்டை விடு. அந்த நாலாவது வரியைப் பிடி. எப்படி இருக்கேன்னு ஒருத்தரும் கேட்கலைன்னு எழுதியிருந்தாங்க இல்ல? கேட்போம்.”

அன்றைக்கு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது ஜட்ஜம்மா அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தாள். “ஏம்மா, ஒருத்தரை நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேட்கணும்னா எப்படிக் கேட்டா இயல்பா இருக்கும்?”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். “எனக்கென்ன தெரியும்? என்னை யார் கேட்டிருக்கா?”

ஜட்ஜம்மா அதை நோட்டில் எழுதவில்லை. வீடு அவள் எல்லைக்குள் வராது.

மறுநாளே அட்டவணை போட்டாள். எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக ஆளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினாள். ஒன்பது மணிக்குப் பயிற்சிப் பிரிவு, பத்து மணிக்கு வக்கீல், பதினொன்றுக்கு ஜட்ஜம்மா; இப்படிச் சாயங்காலம் வரைக்கும்.

புதன்கிழமை மதியம் அக்கா ஜட்ஜம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது.

“கண்ணு, மறைக்காம சொல்லு. எனக்கு என்ன வியாதி?”

“என்னக்கா சொல்றீங்க?”

“போன மாசம் நம்ம ஆபீஸ்ல எல்லாருக்கும் ரத்தம் எடுத்தாங்கல்ல. என்னோடதுல ஏதோ வந்திருக்கு. அதான் மணிக்கு ஒருத்தர் வந்து எப்படி இருக்கீங்க, எப்படி இருக்கீங்கன்னு கையைப் பிடிக்கிறீங்க. வக்கீல் சார் இன்னைக்குக் கண்ணு கலங்கிட்டாரு.”

“ஐயோ, அவருக்கு ஜலதோஷம் அக்கா.”

அக்கா நம்பவில்லை. ரத்தப் பரிசோதனைத் தாளைத் தேடி எடுத்துக் காட்டி, ஒவ்வொரு வரியாக வாசித்துச் சொன்ன பிறகும் பாதிதான் நம்பினார்.

வக்கீல் அசரவில்லை. “வாய் வார்த்தை போதாது. வேலையைப் பகிர்ந்துக்கணும். ஒருத்தர் பெருக்க, பத்துப் பேர் அழுக்காக்கினா அது என்ன நியாயம்?”

வியாழக்கிழமை அக்கா வருவதற்கு முன்பே வக்கீல் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு கூடத்தைக் கழுவத் தொடங்கினார். தண்ணீரைத் தள்ளுவதற்கு ஒரு கட்டை இருக்கிறது என்பதும், அது எங்கே இருக்கிறது என்பதும் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அக்கா உள்ளே நுழைந்தபோது கணுக்கால் அளவு சோப்புத் தண்ணீரில் ஆண்டறிக்கையின் பழைய பிரதிகள் மிதந்துகொண்டிருந்தன. ஜட்ஜம்மா மேசைமேல் நின்று கம்ப்யூட்டர் வயர்களை எல்லாம் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா தண்ணீரையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையில் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“முதல்ல என்னைப் பக்கத்துல உட்கார வச்சு எவ்வளவு சாப்பிடறேன்னு பார்த்தீங்க. அப்புறம் உடம்புக்கு ஏதாவது வருதான்னு மணிக்கு ஒரு தடவை விசாரிச்சீங்க. இப்ப என் வேலைக்கு ஆளும் பிடிச்சாச்சு. வேண்டாம்னா வாயைத் திறந்து சொல்லலாமே. நானே போயிடறேன்.”

போய்விடுவேன். சீட்டில் இருந்த அதே வார்த்தை. அக்காவைச் சமாதானப்படுத்தி, கட்டையை எடுத்துவர வைத்து, தண்ணீரை வெளியேற்றி முடிக்கப் பதினொன்றரை ஆகிவிட்டது. திங்கட்கிழமை வரைக்கும் பார்க்கிறேன் என்று மட்டும் அக்கா சொன்னார்.

திங்கட்கிழமை, பதினோராவது நாள். பெட்டி காலியாக இருந்தது. அது ஜட்ஜம்மாவை இன்னும் பயமுறுத்தியது. எழுதுவதையே நிறுத்திவிட்டார் என்றால் மனம் விட்டுப்போயிற்று என்றுதானே அர்த்தம்?

எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வக்கீல் முதல் சீட்டை உரக்கப் படித்தார்.

“‘நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது.’ யோசிச்சுப் பாருங்க. அக்கா வந்தா நாம எப்பவாவது பேச்சை நிறுத்தியிருக்கோமா?”

ஒருவரும் நிறுத்தியதில்லை. அக்கா வந்தால் பேச்சு அதிகமாகத்தான் ஆகும். ஊர்க்கதை பாதியும் அவர் கொண்டுவருவதுதான்.

“பின்ன எப்பப் பேச்சு நிக்கும்?”

ஏழு தலைகளும் ஒன்றாகக் கண்ணாடிக் கதவின் பக்கம் திரும்பின.

“மேடம் வந்தா நிக்கும்” என்றார் வக்கீல். “அப்ப அக்காவும் கூடத்துல இருந்திருப்பாங்க. தன்னாலதான் நிக்குதுன்னு நினைச்சிருப்பாங்க, பாவம். அன்னைக்கு மேடம் முறைச்ச முறைப்புல பயந்தே போயிருப்பாங்க. பிரச்சினை நாம இல்ல. மேடம்தான்.”

கூடத்தில் ஒரு பெரிய நிம்மதி பரவியது. தாங்கள் இல்லை என்று தெரிந்ததும் எல்லோருக்கும் முகம் தெளிந்தது. ஜட்ஜம்மாவுக்கு மட்டும் ஏதோ ஒரு கணக்கு உதைத்தது. ஆனால் அவளுக்கு எப்போதும் ஏதாவது உதைத்துக்கொண்டே இருக்கும் என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேடத்திடம் சொல்லும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. விதி ஒன்பது. சாவி வைத்திருப்பவர்தான் சொல்ல வேண்டும் என்று அவளே எழுதிவைத்தது.

“மேடம், தப்பா நினைக்கக் கூடாது. இது என் கருத்து மட்டும் இல்ல, எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு.”

“சொல்லுங்க.” மேடம் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் வந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்த மாதிரி இருந்தது. அது ஜட்ஜம்மாவுக்குச் சொல்வதை இன்னும் கடினமாக்கியது.

“நீங்க கொஞ்ச நாள் கூடத்துப் பக்கம் வராம இருந்தா நல்லா இருக்கும். பின்பக்கக் கதவு வழியா உங்க ரூமுக்கு வந்துடலாம். மதியமும் ரூமுக்குள்ளேயே இருந்துட்டீங்கன்னா...”

மேடம் பின்னால் சாய்ந்துகொண்டார். “எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவா?”

“ஒருத்தர்கூட மறுக்கல மேடம்.”

“புகார் எழுதினவங்களுக்கு இது நல்லதா?”

“அவங்களுக்குத்தான் மேடம் ரொம்ப நல்லது. நீங்க இல்லன்னா அவங்களுக்கு நிம்மதியா இருக்கும்.”

மேடம் சிரித்தார். ஜட்ஜம்மா எதிர்பார்த்தது கோபம். வந்தது சிரிப்பு. செய்த தவறு பிடிபட்டும் இப்படிச் சிரிக்க முடியுமா ஒருவரால்?

“சரிம்மா” என்றார் மேடம். “நீங்க விதிமுறையை நல்லாத்தான் எழுதியிருக்கீங்க.”

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. மேடம் பின்பக்கமாக வந்தார், பின்பக்கமாகப் போனார். அக்காவை யாரும் நலம் விசாரிக்கவில்லை. அவர் பழையபடி மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டார். அங்கேயிருந்து வந்த சிரிப்பு கூடத்தையும் தொற்றிக்கொண்டது. பேச்சு எங்கேயும் நிற்கவில்லை. வக்கீல் மேசைமேல் தாளம் போட்டுப் பாட்டுக்கூடப் பாடினார். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி என்று நான்கு நாளும் ஜட்ஜம்மா காலையில் பெட்டியைத் திறந்து பார்த்தாள். காலி.

வெள்ளிக்கிழமைதான் பதினைந்தாவது நாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு, விதி நான்கை மீறாமல் எப்படிக் கேட்பது என்று முக்கால் மணி நேரம் யோசித்துவிட்டு, டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்த அக்காவிடம் போனாள்.

“அக்கா, நீங்க எங்கயும் போகலையே?”

“நான் எங்க போறேன்? நீங்க உங்க வேலையைப் பாருங்க, நான் என் வேலையைப் பார்க்கிறேன். அது போதும் எனக்கு.”

ஜட்ஜம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு காரியத்தைச் செய்து முடித்த பிறகு அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. உட்கார்ந்து அறிக்கை எழுதினாள். காரணம், நடவடிக்கை, விளைவு, மூன்று பக்கம். வக்கீல் கூடத்துக்கே கேட்கும்படி அறிவித்தார்: “ஆண்டறிக்கையில மாத்திடு. புகார்கள்: ஒண்ணு. தீர்ந்தவை: ஒண்ணு. இதைவிட ஒரு அமைப்புக்கு என்ன பெருமை வேணும்?”

கையெழுத்துக்காக அறிக்கையை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. திறந்தாள்.

மேசை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. சுவரில் மாட்டியிருந்த சான்றிதழ்களின் இடத்தில் நாலு வெள்ளைச் சதுரங்கள். நடு மேசையில் ஒரு உறை: நிர்வாகக் குழுவுக்கு. ஒட்டவில்லை. ஜட்ஜம்மா இரண்டு வரி படித்தாள். இன்று மாலையோடு பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறார், சொந்தக் காரணம்.

அவள் போட்ட சத்தத்தில் எல்லோரும் ஓடிவந்தார்கள். வக்கீல் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, மெதுவாக, மரியாதையாக மடித்தார்.

“மனசாட்சி உறுத்தியிருக்கு. தானே விலகிட்டாங்க. ஒரு சாதாரண சீட்டு, இவ்வளவு பெரிய ஆளைக் நாற்காலியை விட்டே எழுப்பியிருக்குன்னா... ஜட்ஜம்மா, உன் பெட்டி வேலை செய்யுது.”

யாரோ கைதட்டினார்கள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

ஜட்ஜம்மா கைதட்டவில்லை. ஒருவர் போய்விடக் கூடாது என்றுதானே இத்தனையும் செய்தது? போனவர் வேறு ஒருவர்தான், என்றாலும் போகிறபோது ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டாமா? அறிக்கையைக் கையில் பிடித்தபடியே படியிறங்கி வாசலுக்கு ஓடினாள். தெருவில் மேடத்தின் கார் இல்லை. காவலாளி மட்டும் வெளிக்கதவை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தார். அந்த மனிதரிடம் இந்தப் பதினைந்து நாளில் அவள் எதையும் கேட்டதில்லை. அவர் வேறு நிறுவனம் அனுப்பிய ஆள், அவள் பட்டியலில் வரவில்லை.

“மேடம் போயிட்டாங்களா?”

“இப்பதாம்மா. ரெண்டு அட்டைப்பெட்டி. நான்தான் தூக்கி வண்டியில வச்சேன்.”

“ஏதாவது சொன்னாங்களா?”

காவலாளி தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் திரும்பினார்.

“யாரும் வராத நேரத்துல வந்து அந்தப் புகார்ப் பொட்டியில ரெண்டு தடவை சீட்டுப் போட்டீங்களே மேடம், யாராவது பதில் சொன்னாங்களான்னு கேட்டேன், எல்லாரும் ஒண்ணாச் சேர்ந்து சொல்லிட்டாங்கன்னாங்க.”